மாஸ்டர் ஊற்றிக் கொடுத்த காபி

எங்கள் பழைய மிருதங்கம் ராமசேஷய்யரின் பேரனுக்குப் போன மாதம் நங்கநல்லூரில் கல்யாணம். சாயங்கால வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி வைத்திருந்தார்கள். இடைவேளையில் யாரோ என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், கீபோர்டு வாசித்த இளைஞரிடம், "சார் அந்தக் காலத்து சினிமா பியானோ" என்று அறிமுகப்படுத்தினார். நானே ஒரு மரச்சாமான் என்பதுபோல இருந்தது. தப்பில்லை. இந்த வயதில் என்னையும் உட்கார்ந்த இடத்திலிருந்து கிளப்ப இரண்டு ஆள் வேண்டித்தான் இருக்கிறது.

அந்தத் தம்பி மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பொத்தான் பொத்தானாக அழுத்திக் காட்டினார். ஒன்றை அழுத்தினால் சுருதி ஏறுகிறது, இன்னொன்றை அழுத்தினால் பத்து வயலின் கேட்கிறது. ரெக்கார்டிங்கில் இப்போது எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டியதில்லையாம். தாளக்காரர் திங்கட்கிழமை வாசித்துவிட்டுப் போனால் பாடுகிறவர் வெள்ளிக்கிழமை வந்து பாடுவாராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாட்டு முடிந்துவிடும். தப்பு வந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி வாசித்துக்கொள்ளலாம்.

"உங்க காலத்துல தப்பு வந்தா என்ன சார் செய்வீங்க?" என்று கேட்டார்.

"காபி கொடுப்பாங்க தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார். அதற்குள் இடைவேளை முடிந்து அவரை வாசிக்கக் கூப்பிட்டுவிட்டதால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் சாந்தோம்காரன். பெயர் சூசை. எங்கள் தெருக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்கன் வாசித்தவருக்குக் கை நடுக்கம் வந்ததால், பதினாலு வயதில் அந்த ஸ்டூலில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். மேல்நாட்டு இசையை எழுதும் அந்த ஐந்து கோட்டு எழுத்தை சாமியார் ஒரு வருஷத்தில் சொல்லிக்கொடுத்தார். கர்நாடக சங்கீதத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கச்சேரி ரோடு வழியாக நடந்தால் மயிலாப்பூர். சாயங்காலமானால் ஏதாவது ஒரு பந்தலில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்பேன், வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்ப்பேன். ராகமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. தாளம் மட்டும் காதோடு நின்றுவிட்டது. அது அப்போது எனக்குத் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், அடையாற்றுப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் இருந்த ஸ்டூடியோவில் மாசச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பியானோவும் ஆர்மோனியமும் என் பொறுப்பு. அதைவிடப் பெரிய வேலை எழுதுவது. எங்கள் கோஷ்டியில் பாதிப் பேர் ஹோட்டல்களில் மேல்நாட்டு சங்கீதம் வாசித்துப் பழகியவர்கள். முன்னால் காகிதம் இல்லாவிட்டால் வில்லைத் தூக்க மாட்டார்கள். மீதிப் பாதி வித்வான்கள். அவர்களைப் பொறுத்தவரை காகிதம் என்பது சீவல் மடிப்பதற்கு. மியூசிக் டைரக்டர் ஸ்வரமாகப் பாடிச் சொல்வதை நான் ஐந்து கோட்டில் எழுதி முதல் பாதிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பாஷையும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்கு ஏகமாக இருந்தது. சூசை எழுதினால் ஒரு புள்ளி தப்பாது என்று ஸ்டூடியோவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான சமயத்தில் கோஷ்டியும் திசைக்கொருவராகப் பறந்துவிட்டது. மிச்சம் ஆறு பேர். அந்த ஆறு பேரை வைத்து ஓர் அரண்மனை நடனப் பாட்டை எடுத்தோம். என் வலது கை பியானோவில், இடது கை பெடல் ஆர்மோனியத்தில், இரண்டு காலும் துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தன. படம் வந்தபோது 'பிரம்மாண்டமான வாத்தியக் கோஷ்டி' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தப் பிரம்மாண்டம் ஒரு வாரம் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தது.

ரெக்கார்டிங் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதன் நடுவே ஒரே ஒரு மைக். அதைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டிருக்கும். பாடுகிறவர் மைக்குக்கு ஒரு முழத்தில், குழல்காரர்கள் அதற்குப் பின்னால், வயலின்கள் சுவரோரம், மிருதங்கம் கதவுப் பக்கம். என் பியானோவுக்குக் கம்பளி போர்த்தி மூலையில் தள்ளியிருப்பார்கள். யார் சத்தம் தூக்கலாக இருக்கிறதோ அவரை இரண்டடி பின்னால் நகர்த்துவார்கள். ஒத்திகை நாலு நாள் நடந்தால், இப்படி நகர்ந்து நகர்ந்தே ஒன்றிரண்டு பேர் தோப்புக்கே போய்விடுவார்களோ என்று தோன்றும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், வளையலைக் கழற்றிவிட வேண்டும், வாயில் வெற்றிலை இருக்கக் கூடாது. கூரையில் காக்கை உட்காராமல் வாட்ச்மேன் மூங்கில் கழியோடு வெளியே சுற்றிக்கொண்டிருப்பார். சிவப்பு பல்பு எரிந்தால் பாட்டு முடியும்வரை ஒருவரும் தும்மக் கூடாது. சத்தம் நேராகப் பிலிமில் ஏறுகிறது. ஒருவர் தப்பு செய்தால் அத்தனை பேர் வாசித்ததும் போயிற்று, அத்தனை அடி பிலிமும் போயிற்று. யுத்தத்தால் பிலிமுக்குக் கடுமையான கட்டுப்பாடு வேறு. எங்கள் முதலாளி அதைப் பீரோவில் பூட்டிவைத்து, கல்யாணப் புடவை எடுத்துக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சுருளாக எடுத்துக் கொடுப்பார்.

மியூசிக் டைரக்டர் ராகவலு நாயுடுவை நாங்கள் மாஸ்டர் என்போம். தி.நகரில் வீடு. காலையில் வரும்போது ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்க். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தப்பாக வாசித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். "இன்னொரு வாட்டி பாத்துரலாமா நைனா?" என்பார். மறுபடி தப்பினால் மறுபடி துடைப்பார். மதராஸிலேயே அவ்வளவு சுத்தமான கண்ணாடி யாரிடமும் இருந்திருக்காது.

பிளாஸ்கில் இருந்தது வீட்டுக் காபி. அதை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார், ஒரு சந்தர்ப்பம் தவிர. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால், காலையில் எல்லாருக்கும் எதிரில் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டுவார். "சாப்பிடுங்க" என்பார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மூடியை வாங்கி வைத்துவிட்டு, வாசல்வரை கூடப் போய் வழியனுப்புவார். காரணம் சொல்ல மாட்டார். திட்டி அனுப்பினால் அந்த ஆளுக்கு அடுத்த இடத்தில் வாசிக்கக் கை வராது என்பது அவர் எண்ணம். நான் சேர்ந்த பிறகு மூன்று பேர் அந்த மூடியில் குடித்துவிட்டுப் போனார்கள். அதனால் எங்கள் ஸ்டூடியோவில் ஒருவரை ஒருவர் "காபி ஆச்சா?" என்று கேட்பதில்லை. எல்லாரும் டீக்கு மாறிவிட்டோம்.

டீ என்றதும் காதர் பாயைச் சொல்ல வேண்டும். எங்கள் கிளாரினெட். மயிலாப்பூரில் மசூதிக்குப் பின்னால் வீடு. கல்யாண பேண்டு செட்டில் இருபது வருஷம் ஊதியவர், ஐந்து கோட்டு எழுத்தைச் சரளமாகப் படிப்பார். எழுதியிருப்பதை எழுதியபடி ஊதுவார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "காய்தத்துல இன்னா கீதோ அதான் பா என் வேலை" என்பார். டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் கவிழ்ப்பார். தொண்டை வெந்துவிடும் பாய், மெதுவாகக் குடியுங்கள் என்றால், "பேண்டுக்காரன் நின்னு நிதானமா குடிச்சா ஊர்வலம் அவன வுட்டுட்டுப் போய்டும்" என்பார். முன்பல் இரண்டும் அவருக்கு ஆட ஆரம்பித்திருந்தன. தெருவில் ஊர்வலத்துக்கு ஊதுவதென்றால் பல்லைக் கடித்து ஊத வேண்டும், அது இனி முடியாது. மைக்குக்கு முன்னால் மெல்ல ஊதினால் போதும் என்பதால் ஸ்டூடியோ வேலை அவருக்கு உயிர். தினமும் போகும்போதும் வரும்போதும் என் சைக்கிள் கேரியரில்தான் உட்காருவார், மடியில் கிளாரினெட் பெட்டியோடு.

நான் சொல்ல வந்தது ஒரு தோட்டக் காட்சிப் பாட்டு. பல்லவி, தாளத்தின் முதல் தட்டில் ஆரம்பிக்காது. தட்டு விழுந்து ஒன்றரை எண்ணிக்கை சும்மா போனபிறகுதான் வார்த்தை வரும். கேட்க அழகாக இருக்கும். நாலு நாள் ஒத்திகை பார்த்து, எடுக்க வேண்டிய நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மாஸ்டருக்கு ஒரு யோசனை. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம் வெறிச்சென்று இருக்கிறது, அங்கே கிளாரினெட் தனியாகக் கொஞ்சம் ஊதிப் பாடுகிறவரிடம் கொடுக்கட்டும் என்றார். நான் ஒரு கையில் சோற்றை வைத்துக்கொண்டு, மடியில் காகிதத்தைப் போட்டு, அவர் பாடப்பாட எழுதினேன். எங்கள் கோயில் பாட்டுகளில் வார்த்தை பெரும்பாலும் முதல் தட்டிலேயே விழும். அந்தக் கைப்பழக்கத்தில் கிளாரினெட்டையும் முதல் தட்டோடு முடித்துவிட்டேன். பாக்கி ஒன்றரை எண்ணிக்கை காகிதத்தில் ஏறவே இல்லை.

மிருதங்கம் ராமசேஷய்யர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். பாடுகிற அம்மா தொண்டைக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். தாளம் போட ஆளில்லாமல் காதர் பாயும் நானும் மட்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். ரொம்ப இனிமையாக இருந்தது. மாஸ்டர் "பேஷ்" என்றார். சிவப்பு பல்பு எரிந்தது.

பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அருமையாகப் போயிற்று. கிளாரினெட் ஊதி முடித்தது. 'கிளாரினெட் முடிஞ்சதும் பல்லவிய எடுங்க' என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தது. எடுத்தார். வயலின்கள் தங்கள் கணக்குப்படி சரியான இடத்தில் வந்து சேர்ந்தன. பாட்டு முன்னால் ஓட, வயலின்கள் பின்னால் துரத்த, ஐயர் யார் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு அடி அங்கும் இரண்டு அடி இங்குமாகப் போட்டார். அந்த அம்மா நிறுத்திவிட்டார். முதலாளி அன்றைக்குக் கொடுத்த கடைசிச் சுருள் அது.

"கிளாரினெட் ஒண்ணரை முன்னாடியே முடிஞ்சுடுத்தே. நான் எதைப் பிடிச்சுண்டு நிக்கறது?" என்றார் ஐயர், பொதுவாக.

காதர் பாய் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கிளாரினெட்டைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு முதலாளி வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "யாரால கெட்டுதோ அந்த ஆளுக்குக் காலையில காபி கொடும். கொடுத்துட்டு வந்து சொல்லும். அப்புறம் பிலிம் தர்றேன்." எல்லாரும் கிளாரினெட் பெட்டியைப் பார்த்தார்கள்.

காகிதங்களைச் சேகரிப்பது என் வேலை. கிளாரினெட் காகிதத்தை எடுக்கும்போதே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை குறைந்தது. அதைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் திணித்தேன். மாஸ்டருக்கு அந்த எழுத்து தெரியாது, ஐயருக்கும் தெரியாது. வயலின்காரர்கள் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அதைப் படித்தவர்கள் நானும் காதர் பாயும்தான், மாஸ்டருக்கும் ஐயருக்கும் அது வெறும் எறும்பு வரிசை.

சாயங்காலம் வழக்கம்போல அவர் கேரியரில், பை ஹேண்டில்பாரில். அடையாற்றுப் பாலத்தின்மேல் எதிர்க்காற்று.

"இன்னா பா, வண்டி நவுரவே மாட்டேங்குது?"

"காத்து பாய்."

"பைய நான் புடிச்சிக்கவா?"

"வேணாம் பாய், இருக்கட்டும்."

பாலத்தின் பாதியில் பெட்டியை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "நாளைக்கு மூடி எனக்குத்தான். மறுபடி பேண்டுக்கே பூடலாம்னு பாத்தா, இந்தப் பல்லு கீதே, ரெண்டு ஊர்வலம் தாங்காது. மூணாவதுல மாப்ள மடியில போய் வுழும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. 'சூசை தப்பு எழுதிட்டான்' என்று நாலு பேர் சொல்வார்களே என்ற வெட்கம் பாதி. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், வெட்கம்தான். இப்போது சொல்வதற்கே கூசுகிறது.

மறுநாள் காலையில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தைப் போட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சாம்பலாகியிருக்கும். போடவில்லை. அதற்காக, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. அது பையிலேயே இருந்தது, அவ்வளவுதான். காதர் பாய் வழக்கமான இடத்தில் நின்றிருந்தார், ஏறிக்கொண்டார். அன்றைக்கு நல்ல சட்டை போட்டிருந்தார்.

கொட்டகையில் எல்லாரும் அவரவர் கோட்டில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் பிளாஸ்கைத் திறந்தார்.

"பாய், இப்படி வாங்க."

காதர் பாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாஸ்டர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். "சாப்பிடுங்க."

பாய் வாங்கிக்கொண்டார். ஒரே மடக்கில் முடிந்துவிடும், நான் குனிந்து பையை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பார்த்தால், அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மூடியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஊதி ஆற்றினார். இன்னொரு வாய். கூரையில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஒரு வாய். பல் வலிக்கிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"மாஸ்டர், பாய் மேல தப்பு இல்லை. நான் எழுதினதுதான் தப்பு. இதோ காகிதம்."

மாஸ்டர் காகிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இந்த எறும்பெல்லாம் எனக்கு இன்னா தெரியும் நைனா? தாளத்த போட்டுப் பாடிக் காட்டு."

அத்தனை பேருக்கு முன்னால், கையால் தாளம் போட்டுக்கொண்டு, நான் எழுதியதை எழுதியபடி பாடினேன். ஸ்வரம் முதல் தட்டில் முடிந்துவிட்டது. ஒன்றரை எண்ணிக்கைக்கு என் வாயில் ஒன்றும் இல்லை. கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

"அடப்பாவி, நேத்தே சொல்லப்படாதோ?" என்றார் ஐயர்.

மாஸ்டர் திரும்பி, காதர் பாயின் கையிலிருந்து மூடியை வாங்கினார். உள்ளே பார்த்தார். சரியாகப் பாதி இருந்தது. அதை அப்படியே, கழுவாமல், மேலே ஊற்றாமல், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடு."

ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எச்சில் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. குடித்தேன். ஆறிப்போய், பாகாக இனித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு காலி மூடியைக் கொடுத்தேன். வாசல்வரை கூட வருவார் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

மாஸ்டர் மூடியை உதறினார், பிளாஸ்கில் திருகினார், கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அவரு பாதி, நீ பாதி. அரைக் காபிக்கெல்லாம் ஆளை அனுப்பறது நம்ம வழக்கம் இல்லையே நைனா" என்றார். "ஒக்காந்து அந்த ஒண்ணரைய எழுது."

பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"காபி கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சுங்க."

பீரோ திறக்கும் சத்தம் வந்தது. முதலாளிக்கு எங்கள் முகமெல்லாம் தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிலிம் சுருள்தான். பத்து மணிக்கு சிவப்பு பல்பு எரிந்தது. காதர் பாய் நான் புதிதாக எழுதியதை எழுதியபடி ஊதினார். பாட்டு ஒரே தடவையில் முடிந்தது.

அதன்பிறகு நான் எதை எழுதினாலும் ஐயர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்ப்பார். "ஒண்ணரை எங்கேடா?" என்று கேட்காமல் ஒரு காகிதத்தையும் விடமாட்டார். இல்லாத இடத்திலும் கேட்பார். எனக்கு வேண்டியதுதான். பின்னாளில் நானே மியூசிக் டைரக்டராகி நாலைந்து படம் பண்ணினேன். அது வேறு கதை, இதைவிடச் சுமாரான கதை. யாருக்கும் நான் காபி கொடுத்ததில்லை.

காதர் பாய் இன்னும் சில வருஷம் எங்களோடு ஊதினார். பல் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததும், போதும் பா என்று அவராகவே நின்றுகொண்டார். கடைசி நாள் சாயங்காலம் என் கேரியரில்தான் வந்தார். பாலத்தில் இறங்கி, பெட்டிக்கடையில் டீ வாங்கினோம். அவர் வழக்கம்போல ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினார். என் கிளாஸில் நான் இன்னும் வாயே வைக்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"பாய், அன்னிக்கு எழுத்து தப்புன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமயா? சிவப்பு லைட்டு அணைஞ்சப்பவே எண்ணிப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் பேசாம மூடியைக் கையில வாங்கினீங்க?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை இடுக்கிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எந்திரிப்பேன்னு தெரியும் பா. எப்போன்னுதான் தெரியல. அதான் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக்கினு இருந்தேன்."